சுரங்கத்தில் மீத்தேன்: காப்பாற்ற போடும் துளையே ஆபத்தாவது எப்போது?

2006 செப்டம்பரில் ஜார்க்கண்டின் பாட்டிஹ் நிலக்கரிச் சுரங்கத்தில் ஏற்பட்ட வெடிப்பில் 50 தொழிலாளர்கள் இறந்தனர். 1965-இல் இன்றைய ஜார்க்கண்டில் உள்ள தோரி சுரங்க வெடிப்பில் 268 பேர் பலியானார்கள். இதுபோன்ற வெடிப்புகளில் முதல் வில்லன் பெரும்பாலும் மீத்தேன்தான்.

எப்போது வெடிக்கும்?

காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் இருந்தால், ஒரு சின்ன தீப்பொறியே போதும். அதற்குக் கீழே போனால் எரிவாயு போதாது, மேலே போனால் ஆக்ஸிஜன் போதாது. அதனால்தான் 1.25 சதவீதத்தைத் தாண்டினாலே மின்சாரத்தை நிறுத்தி, ஆட்களை வெளியேற்ற வேண்டும் என்கிறது இந்திய விதி.

ஃபேன் போட்டால் போதாதா?

வாயு குறைவாக உள்ள சுரங்கத்தில் போதும். ஆனால் ஜாரியா பகுதியின் மூனிடி போல, வாயு அதிகமுள்ள ஆழமான சுரங்கங்களில் போதாது. காற்றின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் தூசி பறக்கும், உள்ளே வேலையும் செய்ய முடியாது. எனவே, வாயு சுரங்கக் காற்றில் கலக்கும் முன்பே துளை போட்டு, குழாய் வழியாக உறிஞ்சி வெளியேற்ற வேண்டும்.

துளை எங்கே, எப்படி?

வெட்டுவதற்கு முன்பே நிலக்கரிப் படுகைக்குள் துளையிடுவது ஒரு வழி. வாயு எளிதில் கசியாத நிலக்கரி என்றால் துளைகளை நெருக்கமாகப் போட வேண்டும், செலவு எகிறும்.

நிலக்கரியை எடுத்தபின் கூரைப் பாறை இடிந்து விழும். அந்த விரிசல்களில் சேரும் வாயுவைப் பிடிக்க, மேல்நோக்கிச் சாய்வாகத் துளையிடுவது இன்னொரு வழி. ரொம்பத் தாழ்வாகப் போட்டால், பாறை சரியும்போது துளை நசுங்கிவிடும். ரொம்ப உயரமாகப் போட்டால் வாயு அங்கே எட்டாது.

சிக்கல் எங்கே?

துளையின் வாயில் குழாயைச் செருகி, சுற்றிலும் சிமென்ட் கலவையால் அடைக்கிறார்கள். இதில் கசிவு இருந்தாலோ, பம்ப் அளவுக்கு மீறி இழுத்தாலோ, காற்றும் உள்ளே வரும். குழாய்க்குள் மீத்தேன் அளவு இறங்கி, 5–15 சதவீதத்தை நெருங்கும். இடிபாடுகளில் மிஞ்சிய நிலக்கரியும் காற்று பட்டுத் தானாகவே சூடாகித் தீப்பிடிக்கலாம். இழுவையைக் குறைத்தால், வாயு தொழிலாளர்கள் நிற்கும் இடத்துக்கே வரும்.

அதனால், குழாயில் மீத்தேன் 30 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது சர்வதேச வழிகாட்டுதல். ஒவ்வொரு துளையையும் தனித்தனியாக அளந்து, தரம் குறைந்தால் வால்வை இறுக்க வேண்டும். எவ்வளவு வாயு எடுத்தோம் என்பதை மட்டும் பார்த்துத் திட்டத்தை மதிப்பிட முடியாது.

பாதுகாப்பு மட்டும்தானா?

இல்லை. 100 ஆண்டுக் கணக்கில் மீத்தேன், கார்பன் டை ஆக்ஸைடைவிட 25 மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்கும். பிடித்த வாயு செறிவாக இருந்தால் மின்சாரமும் தயாரிக்கலாம். ஆக, குழாயில் வாயு செறிவாக இருக்க வேண்டும், சுரங்கக் காற்றில் மிகக் குறைவாக இருக்க வேண்டும். நடுவில் இருப்பதுதான் ஆபத்து.