கட்டியால் தோன்றும் எலும்பு மென்மை நோய்

கட்டியால் தோன்றும் எலும்பு மென்மை நோய் என்பது, உடலில் எங்கோ வளரும் ஒரு சிறு கட்டி எலும்புகளை வலுவிழக்கச் செய்யும் அரிய நோயாகும். கட்டி பெரும்பாலும் தீங்கற்றது. நோயாளி உணர்வது இடுப்பு, தொடை, விலா ஆகியவற்றில் வலியும் தசைத் தளர்ச்சியுமே. எனவே இது வாதம் அல்லது முதுகுத்தண்டு நோய் எனப் பல ஆண்டுகள் தவறாகக் கருதப்படுவதுண்டு.

இக்கட்டி எஃப்.ஜி.எஃப்-23 என்னும் இயக்குநீரை மிகையாகச் சுரக்கிறது. அதனால் சிறுநீரகங்கள் பாஸ்பேட்டை வெளியேற்றிவிடுகின்றன. உயிர்ச்சத்து டி செயல்வடிவம் பெறுவதும் குறைகிறது. கட்டியே காரணம் என 1959 ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து மருத்துவர் ஆந்திரேயா பிராடர் எடுத்துக்காட்டினார்.

நோயறிதல்

விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி, சாத்தூர் வட்டாரங்களில் பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளர் பலர் நெடுநேரம் தரையில் அமர்ந்தே வேலை செய்கின்றனர். அங்கு இத்தகைய வலி உழைப்பின் விளைவாகவே எளிதில் கொள்ளப்படும். இரத்தத்தில் கால்சியம் பெரும்பாலும் இயல்பாகவே இருப்பதால் அதை மட்டும் அளந்தால் போதாது, பாஸ்பேட்டையும் அளக்கவேண்டும். எளிய சோதனைதான், ஆனால் பலமுறை விடுபட்டுப்போவதும் இதுவே. பாஸ்பேட் குறைந்திருந்து, மரபுவழிக் குறைபாடோ மருந்துகளோ காரணமல்ல என்றால் கட்டியைத் தேடவேண்டும். பட்டாணியளவுக் கட்டி உள்ளங்காலிலோ மூக்கறையிலோ மறைந்திருக்கலாம். ஆகவே காலியம்-68 டோட்டாடேட் பெட்-சிடி வருடல் உச்சி முதல் பாதம் வரை எடுக்கப்படுகிறது. கட்டியை முழுதும் அகற்றினால் பாஸ்பேட் சில நாட்களில் இயல்புக்குத் திரும்பும். எலும்புகள் தேற மாதங்கள் ஆகும்.