ஒளியை முந்துமா சமிக்ஞை? தாம்பரத்தில் படித்தவர் கேட்ட கேள்வி

ஒளியை விட வேகமாக எதுவும் போக முடியாது என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். நாமும் எழுதி மார்க் வாங்கிவிடுகிறோம். ஆனால் அதைக் கேள்வி கேட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் முக்கியமான ஒருவர் நம்ம தாம்பரத்தில் படித்தவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

முதலில், சமிக்ஞை என்றால் என்ன என்று பார்ப்போம். சுவிட்சைப் போட்டதும் விளக்கு எரிகிறது. கம்பிக்குள் எலக்ட்ரான்கள் மின்னல் வேகத்தில் ஓடுவதாக நினைக்கிறோம். உண்மையில் ஒவ்வொரு எலக்ட்ரானும் மெதுவாகத்தான் நகர்கிறது, எறும்பு கூட அதை முந்திவிடும். வேகமாகப் போவது மின்காந்த அலை. வெற்றிடத்தில் அதன் வேகம் நொடிக்கு 2,99,792 கி.மீ. சாதாரண கேபிளிலும் கண்ணாடி இழையிலும் சுமார் 2 லட்சம் கி.மீ. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 2002-ல் போட்ட கடலடிக் கேபிள் சுமார் 3,200 கி.மீ. நீளம். அதில் ஒரு செய்தி அக்கரை சேர 16 மில்லி நொடி ஆகும். எவ்வளவு விலை உயர்ந்த கருவி வாங்கினாலும், அந்த இழையில் இதைக் குறைக்க முடியாது.

1905-ல் ஐன்ஸ்டீன் சொன்னது இதுதான்: எடையுள்ள ஒரு பொருளை ஒளி வேகத்துக்குத் தள்ள முடிவில்லாத ஆற்றல் வேண்டும். ஆகவே முடியாது. அத்தோடு கதை முடிந்தது என்றே பலரும் நினைத்தார்கள்.

இங்கேதான் நம்ம ஆள் வருகிறார். இ.சி.ஜி. சுதர்சன். 1931-ல் கேரளாவில் கோட்டயம் அருகே பள்ளம் என்ற ஊரில் பிறந்தவர். தாம்பரம் சென்னை கிறித்துவக் கல்லூரியில் படித்து 1951-ல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. பிறகு மும்பை டாடா ஆராய்ச்சி நிலையம், அங்கிருந்து அமெரிக்காவின் ரோசெஸ்டர். 1962-ல் பிலானியுக், தேஷ்பாண்டே என்ற இருவருடன் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார். ஐன்ஸ்டீன் தப்பு என்று அவர்கள் சொல்லவில்லை. ஐன்ஸ்டீன் சொன்னதைச் சரியாகப் படியுங்கள் என்றார்கள்.

அவர்கள் வாதம் இது. ஒளி வேகத்தைத் தாண்ட முடியாது, சரி. ஆனால் பிறக்கும்போதே ஒளியை விட வேகமாகப் பிறந்த துகள் இருந்தால்? அது எதையும் தாண்ட வேண்டியதில்லையே! இதற்கு சுதர்சன் சொன்ன உதாரணம் ரொம்பப் பிரபலம். இமயமலையை யாராலும் ஏறிக் கடக்க முடியாது, ஆகவே மலைக்கு வடக்கே மனிதர்களே இல்லை என்று ஒரு கணக்கெடுப்பாளர் சொன்னால் எப்படி இருக்கும்? வடக்கே இருப்பவர்கள் அங்கேயே பிறந்தவர்கள். அதுபோல, ஒளி வேகம் என்பது மலை. இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் அந்தத் துகள்கள். அவை ஆற்றலை இழக்க இழக்க வேகம் கூடும் என்பது இன்னும் விசித்திரம். 1967-ல் ஜெரால்ட் ஃபெயின்பெர்க் இவற்றுக்கு டாக்கியான் என்று பெயர் வைத்தார்.

பெயர் வைத்தாகிவிட்டது, தேட வேண்டாமா? 1968-ல் ஆல்வாகர், கிரைஸ்லர் என்ற இருவர், வெற்றிடத்திலேயே ஒளியை உமிழ்ந்துகொண்டு போகும் மின்னூட்டமுள்ள டாக்கியான்களைத் தேடிப் பார்த்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. ஒளியை முந்தும் சமிக்ஞையை நம் இஷ்டப்படி அனுப்ப முடிந்தால், வேகமாக நகரும் இன்னொருவர் மூலம் பதில் வாங்கும்போது, கேள்வி கேட்பதற்கு முன்பே பதில் வந்து சேரும்! நாளைய கேள்வித்தாளை இன்றே வாங்கிவிடலாம். நமக்கு நல்லதுதான், ஆனால் காரணம் முன்னே, விளைவு பின்னே என்ற ஒழுங்கே போய்விடும். பின்னோக்கிப் போவதாகத் தோன்றும் டாக்கியானை முன்னோக்கிப் போகும் வேறொரு துகளாகப் படிக்கலாம் என்று சுதர்சன் குழு பதில் சொன்னது. எல்லோரும் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

பிறகு கேள்வி துகளிலிருந்து கம்பிக்கு வந்தது. 2002-ல் கனடாவின் மாங்க்டன் பல்கலைக்கழகத்தில் அலென் அஷேயும் லூயி புவாரியேயும் இரண்டு வகை கோஆக்சியல் கேபிள் துண்டுகளை மாறி மாறி இணைத்து 120 மீட்டருக்கு ஒரு கம்பி செய்தார்கள். நம்ம கேபிள் டிவிக்கு வருமே, அந்த ரகம். அதில் அனுப்பிய மின் துடிப்பின் உச்சி ஒளியை விட வேகமாக மறுமுனைக்கு வந்தது! இது மோசடி இல்லை, உண்மையான அளவீடு.

அப்படியானால் ஐன்ஸ்டீன் தோற்றாரா? இல்லை. எங்கள் தென்னேரியில் சாமி புறப்பாடு வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். முன்னே தீவட்டிக்காரர் ஒரே வேகத்தில் நடக்கிறார். பின்னால் பெருங்கூட்டம். போகப் போகப் பின்னால் வருபவர்கள் அவரவர் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். மிஞ்சுவது தீவட்டியை ஒட்டிய சிறு கூட்டம். கூட்டத்தின் நடுப்புள்ளியை மட்டும் மாடியிலிருந்து கவனித்தால், அது தீவட்டியை விட வேகமாக முன்னேறியதாகத் தெரியும். ஆனால் யாரும் ஓடவில்லை! தெருக்கோடியில் காத்திருப்பவருக்குச் சாமி வரும் சேதி தெரிவது தீவட்டி தெரியும்போதுதான். கேபிளிலும் அதேதான். துடிப்பு வழியில் மெலிந்தது, மிஞ்சியதன் உச்சி முன்னே வந்தது. செய்தியைச் சுமப்பது துடிப்பின் முன்விளிம்பு. அது ஒருபோதும் ஒளியை முந்தாது என்று சோமர்ஃபெல்டும் பிரிலுவானும் 1914-லேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள்.

2011 செப்டம்பரில் மறுபடி பரபரப்பு. ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாஸோவுக்கு 730 கி.மீ. போன நியூட்ரினோக்கள், ஒளியை விட சுமார் 60 நானோ நொடி முன்னே வந்ததாக ஓபரா குழு அறிவித்தது. தூரத்தில் சொன்னால் வெறும் 18 மீட்டர். காரணம் என்ன தெரியுமா? நேரம் காட்டும் சமிக்ஞையைக் கொண்டுவந்த ஒளியிழைக் கேபிளின் இணைப்பு சரியாகப் பொருந்தவில்லை. கேபிளில் சமிக்ஞை தாமதமானதால் துகள் வேகமாகத் தெரிந்தது! 2012-ல் இணைப்பைச் சரிசெய்து அளந்தபோது வித்தியாசம் மறைந்தது.

ஆக, இன்றுவரை எந்தச் சமிக்ஞையும் ஒளியை முந்தியதில்லை. அப்படியென்றால் சுதர்சன் வீண்வேலை செய்தாரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'வேகம்' என்பது வேறு, 'சேதி' என்பது வேறு என்று இன்று நமக்குத் தெளிவாகத் தெரிகிறதே, இதுபோன்ற கேள்விகளைக் கேட்டுக் கேட்டுத்தான் அது தெளிந்தது. சுதர்சன் 1980-களில் சென்னைக்கு வந்து கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தார். 2018-ல் மறைந்தார். மலைக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லாமலே இருக்கலாம். ஆனால் ஏறிப் பார்க்காமலே இல்லை என்று சொல்லாதே என்றாரே, அந்தப் பாடம் எந்தப் பரீட்சையிலும் வராது. நாம்தான் படித்துக்கொள்ள வேண்டும்.