தாய்ப்பாலும் டின்பாலும்

மலேசியத் தமிழர் வரலாற்றை எழுதப் புகுந்தோர் கப்பலையும் காட்டையும் இரப்பரையும் இரயில் பாதையையும் பற்றி நிரம்ப எழுதியுள்ளனர். அக்காலத்துத் தொட்டிலில் கிடந்த குழந்தை எதைப் பருகிற்று என்று கேட்டவர் சிலரே. சிறு வினாவாகத் தோன்றினும், ஒரு சமுதாயத்தின் உடல்நலம் முழுவதும் இதனோடு பிணைந்து கிடக்கிறது.

1895ஆம் ஆண்டில் காஜாங்கை அடுத்த இஞ்ச் கென்னத் தோட்டத்தில் கிண்டர்ஸ்லி உடன்பிறப்பினர் வணிக நோக்கில் இரப்பர் பயிரிட்டனர். பின்னர்க் கிள்ளான் வட்டாரமெங்கும் தோட்டங்கள் பரவின. அவற்றில் உழைக்கத் தமிழகத்திலிருந்து ஆடவரும் பெண்டிரும் வந்தனர். இரப்பர் மரத்தில் பால் நன்கு ஒழுகுவது வெயில் ஏறுமுன் உள்ள குளிர்ந்த வேளையில்தான். ஆதலால் பிள்ளை பெற்றவளும் விடியுமுன் பெரட்டுக்கு நின்று, வெட்டுக்கத்தியோடு நிரைக்குச் சென்றாள். குழந்தை ஆயாக் கொட்டகையில் விடப்பட்டது. மரம் வெட்டிப் பாலெடுத்து, நிறுத்துக் கொடுத்து அவள் திரும்புகையில் பொழுது உச்சியை நெருங்கிவிடும். அதுவரை மார்பில் கட்டிய பால் அவளுக்கும் வேதனை, குழந்தைக்கும் பயனில்லை. இரப்பர்ச் சாற்றையும் நம் மக்கள் ‘பால்’ என்றே வழங்கினர். மரத்தின் பாலை எடுக்கப் போனவள் தன் பாலை மகவுக்கு ஊட்ட இயலாமற் போன கொடுமையை அச்சொல்லே நினைவூட்டுகிறது.

இந்த இடைவெளியில் நுழைந்ததே டின்பால். ஆங்கிலோ சுவிஸ் பால் நிறுவனம் 1912இல் பினாங்கில் கால்கொண்டது. பின்னாளில் நெஸ்லே என்று அறியப்பட்ட அந்நிறுவனம் 1939இல் கோலாலம்பூருக்குப் பெயர்ந்து, 1962இல் பெட்டாலிங் ஜெயாவில் தன் முதல் தொழிற்சாலையைத் திறந்தது. இனிப்பூட்டிச் சுண்டவைத்த பால், சீனியின் மிகுதியால் வெப்பநாட்டிலும் எளிதில் கெடாது. ஏழைகள் வாங்கியதோ பெரும்பாலும் கொழுப்பு நீக்கப்பட்ட மலிவு வகை. அதில் ‘ஏ’, ‘டி’ உயிர்ச்சத்துகள் இல்லை. அதனையும் நீர் மிகக் கலந்து, தூய்மையற்ற புட்டியில் ஊற்றிக் கொடுத்தால் வயிற்றுப்போக்கும் மெலிவும் கண்பார்வைக் கேடும் வருவதில் வியப்பில்லை.

இதனை வெளிப்படையாக எதிர்த்தவர் சிசிலி வில்லியம்ஸ் என்னும் மருத்துவப் பெண்மணி. ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்டில் குவாஷியோர்கர் எனும் ஊட்டக்குறை நோயை உலகுக்கு விளக்கிய அவர், 1936இல் மலாயாவுக்கு மாற்றப்பட்டார். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் ‘பாலும் கொலையும்’ என்ற தலைப்பில் உரையாற்றினார். தவறான விளம்பரத்தால் நேரும் குழந்தை மரணங்களைக் கொலையெனவே கருதவேண்டும் என்பது அவர் வாதம். தாதியர் உடையணிந்த பெண்களை அனுப்பிப் பால் விற்ற முறையையும் அவர் கண்டித்தார். பின்னர்ச் சப்பானியர் ஆட்சியில் சாங்கிச் சிறையில் வாடி, 1948இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் தாய்சேய் நலப் பிரிவுக்கு முதல் தலைவரானார். அவர் துணிவு போற்றத்தக்கதே. ஆயினும் பழியனைத்தையும் விற்றவர் தலையில் ஏற்றிவிட்டால், விடியுமுன் தாயை நிரைக்கு அழைத்த தோட்ட ஒழுங்கு தப்பித்துக்கொள்ளும்.

அன்று இழந்தது ஊட்டச்சத்து மட்டுமன்று. தாய்ப்பால் உண்ணும் மகவின் குடலில் பிஃபிடோ நுண்ணுயிர்கள் மிகுந்திருப்பதை 1900ஐ ஒட்டிப் பாரிசில் தீசியே கண்டறிந்தார். தாய்ப்பாலிலுள்ள சிலவகைச் சர்க்கரைகள் குழந்தைக்குச் செரிப்பதில்லை; அவை அந்நுண்ணுயிர்களுக்கே உணவாகின்றன! குடலில் வாழும் இத்தகைய உயிர்களே, எதனைப் பகையென எதிர்ப்பது, எதனைப் பொறுத்துக்கொள்வது என்று உடலின் காப்பாற்றலைப் பழக்குவதில் பங்குகொள்கின்றன. அப்பழக்கம் பிழைப்பின், தீங்கற்ற பொருளையும் உடல் பகையாகக் கொள்ளும்; அதுவே ஒவ்வாமை.

2001இல் வெளியான பின்லாந்து ஆய்வொன்றில், ஒவ்வாமை மரபுள்ள குடும்பங்களின் கருவுற்ற தாய்மாருக்குப் பேறுகாலத்திற்குச் சில வாரம் முன்னிருந்தே நன்மைதரும் நுண்ணுயிர் அளிக்கப்பட்டது. பிறந்தபின் ஆறு மாதம் தாய்க்கோ சேய்க்கோ தொடர்ந்தது. இரண்டு வயதில் தோலரிப்பு நோய் கண்ட குழந்தைகள் நூற்றுக்கு 23. நுண்ணுயிர் பெறாத பிரிவிலோ 46. எனினும் 2008இல் செருமானியர் அதே நுண்ணுயிரைக் கொண்டு ஆய்ந்தபோது அப்பயன் காணப்படவில்லை. 2015இல் உலக ஒவ்வாமை அமைப்பு, ஒவ்வாமை வரும் வாய்ப்பு மிகுந்த குடும்பங்களுக்கு இதனைப் பரிந்துரைத்தபோதும், சான்று வலுவற்றது என்றே குறித்தது. மாத்திரைப் புட்டியைக் கண்டு மயங்குவோர் இதனை மறத்தலாகாது.

நம் மரபினைப் புகழ்வோரும் சற்று நிதானிக்க வேண்டும். பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டும் சுக்கும் மிளகும் கூட்டிப் பத்தியம் சமைத்த அதே வீடுகளிற் பல, சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுக் குழந்தையின் நாவில் சேனை வைத்தன. மோரும் பழையதும் குளிர்ச்சியென்று விலக்கப்பட்டன. பாட்டிமார் அறிவிலும் பழுது உண்டு.

மலேசியா 1979இல் குழந்தைப் பால்மாவு விற்பனைக்கு நெறிமுறை வகுத்தது. உலகச் சுகாதார மாமன்றம் 1981இல்தான் அனைத்துலக நெறியை ஏற்றது. எனினும் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே பெற்ற குழந்தைகள் 2006ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வில் நூற்றுக்கு 14.5தான், 2016இல் அது 47.1 ஆக உயர்ந்தது. தனியார் துறைப் பேறுகால விடுப்பு 2023 சனவரி முதல் 60 நாளிலிருந்து 98 நாளாயிற்று. ஆறு மாதத்திற்கு இன்னும் ஏறத்தாழ மூன்று மாதம் குறைகிறது. பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் இருந்து விடியலில் வேலைக்குப் புறப்படும் இளந்தாய், அம்மூன்று மாதமும் பால் பீய்ச்சிவைக்க ஓரிடமும் சிறிது நேரமும் தேடிக்கொள்ள வேண்டியவளாகவே இருக்கிறாள்.