பழைய நூல்களின் புதிய ஆயுள்: பதிப்புரிமைச் சட்டமும் அம்பேத்கர் எழுத்துகளும்

1936இல் லாகூரில் ஜாத்-பாத் தோடக் மண்டல் நடத்தவிருந்த மாநாட்டுக்கென அண்ணல் அம்பேத்கர் எழுதிய தலைமையுரை மேடையேறவில்லை. அதன் கருத்துகளை ஏற்க மறுத்த அமைப்பாளர்கள் மாநாட்டையே கைவிட்டனர். அவர் தம் செலவில் அச்சிட்ட சுமார் 1500 படிகள் இரண்டே மாதங்களில் தீர்ந்தன. 1937இல் இரண்டாம் பதிப்பு வருவதற்குள் குஜராத்தியும் தமிழும் அதனைப் பெற்றிருந்தன. 'சாதி ஒழிப்பு' இன்றும் அச்சிலும் மின்னூலாகவும் வாசிக்கப்படுகிறது.

இந்நீடிப்புக்கு முதற்காரணம், நூல் எதிர்த்த சாதி இன்னும் ஒழியாததே. அடுத்த காரணம் சட்டம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவுப்படி, ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். அம்பேத்கர் மறைந்தது 1956 டிசம்பர் 6. எனவே, அவர் வாழ்நாளில் வெளியான நூல்கள் 2017 ஜனவரி 1 முதல் பொதுவுடைமை. யாரும் அச்சிடலாம், மின்னூலாக்கலாம்.

ஆயினும் இரண்டு எச்சரிக்கைகள் தேவை. ஆசிரியர் மறைவுக்குப் பின் முதன்முதலாக வெளியான நூலுக்கு, 24ஆம் பிரிவின்படி, வெளியான ஆண்டை வைத்தே காலம் கணக்கிடப்படும். 1987இல் மகாராட்டிர அரசின் தொகுதியில் வெளிவந்த 'இந்துமதத்தில் புதிர்கள்' 2047 முடிய உரிமைக்குட்பட்டது. மேலும், மூலம் பொதுவுடைமையானாலும் மொழிபெயர்ப்புக்கும் புதிய முன்னுரைக்கும் தனி உரிமை உண்டு.

மூன்றாவது காரணம் தொழில்நுட்பம். கேட்கும்போது அச்சிடும் முறையில் ஆயிரம் படிகளை அடுக்கிவைக்கக் கிடங்கு வேண்டியதில்லை. ஆண்டுக்குப் பத்துப் படி விற்கும் நூலும் பட்டியலில் நீடிக்கும். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்துக்கிடையே படிக்கும் மாணவியும் அதனைக் கைப்பேசியில் பெறலாம்.

எனினும் தேவை இருந்தால் மட்டும் போதாது. அம்பேத்கர் தொகுதிகளின் அச்சுப்பணி முடங்கியதாக 'லோக்சத்தா' வெளியிட்ட செய்தியை, 2021 டிசம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் தாமாகவே பொதுநல வழக்காக ஏற்றது. 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய அயோத்திதாசர் 1914இல் மறைந்தார். அவர் எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் தொகுத்த பதிப்பு 1999இல்தான் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்தது. இதழ்களைக் காத்து வைத்தவர்கள் இல்லையேல் அத்தொகுப்பும் இல்லை.

உரிமைக்காலம் முடிவது கதவைத் திறக்கும். உள்ளே நூல் இருப்பதை உறுதிசெய்வது நம் பணி. வீட்டிலும் சங்க அலுவலகத்திலும் கிடக்கும் பழைய இதழ்களை இன்றே படியெடுத்து, ஆண்டும் பதிப்பும் குறித்து வையுங்கள். மறுபதிப்பு வாங்கும்போது, எந்தப் பதிப்பைப் பின்பற்றியது, எதையேனும் நீக்கியதா எனப் பாருங்கள். சுருக்கப்பட்ட அம்பேத்கர் மலிவாகக் கிடைப்பதால் நமக்கு ஆதாயமில்லை.