ஓட்டுநரின் குடியும் சட்டத்தின் இரு கண்களும்

1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் தொழில்முறை ஓட்டுநரை இரு கண்களால் நோக்கியது. வண்டியைக் கட்டுப்படுத்த இயலாத அளவுக்குப் போதையில் ஓட்டுவதை 117ஆம் பிரிவு குற்றமாக்கியது. அரை மணி நேர ஓய்வேனும் தராமல் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டுநரை வேலை வாங்கக் கூடாது என 65ஆம் பிரிவு முதலாளிக்கு விதித்தது. முன்னது ஓட்டுநரின் பொறுப்பு. பின்னது அவரை வேலைக்கு வைத்தவரின் பொறுப்பு. அடுத்து வந்த எண்பது ஆண்டுகளில் முதற்கண் கூர்மை பெற்றது, மற்றொன்று மங்கியது.

1988ஆம் ஆண்டின் புதிய சட்டம், குருதியில் ஆல்கஹால் எவ்வளவு சிறிதாயினும் குற்றமே என்றது. 1994ஆம் ஆண்டின் திருத்தம் 100 மில்லிலிட்டர் குருதியில் 30 மில்லிகிராம் என்ற எல்லையை வகுத்தது. 2019ஆம் ஆண்டின் திருத்தம் முதற்குற்றத்துக்கான அபராதத்தை 2,000 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாக உயர்த்தியது.

ஓய்வுக்கும் ஒரு சட்டம் வந்தது. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என வேலையை வரையறுத்தது. ஆயினும் ஐந்து பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனங்களை முன்னிறுத்தியே அது எழுதப்பட்டது. இந்தியச் சரக்குப் போக்குவரத்தின் பெரும்பகுதியோ ஒன்றிரண்டு லாரிகளை வைத்திருக்கும் சிறு உரிமையாளர்களின் கையில் இருந்தது. ஓர் ஓட்டுநர், ஒரு கிளீனர் என ஓடிய அவ்வண்டிகளைச் சட்டத்தின் பதிவேடும் ஆய்வாளரும் எட்டவில்லை.

அவ்வண்டியில்தான் குடிக்கும் களைப்புக்குமான உறவு தெளிவாகப் புலப்படும். நடைக்கு இவ்வளவு என்று கூலி; சரக்கு ஏற்றக் காத்திருக்கும் நாள்களுக்குப் பல வேளை கூலியே இல்லை. இழந்த பொழுதை இரவு ஓட்டத்தால் ஈடுசெய்ய வேண்டும். உடல்வலி மறக்கவும் வண்டியிலேயே முடங்கி உறங்கவும் மது துணையாகிறது. நள்ளிரவில் குடித்தது விடியலில் வண்டி கிளம்பும்போதும் குருதியில் எஞ்சியிருக்கக்கூடும். உறக்கமின்மையோடு அது சேருகையில் ஒன்றின் தீங்கை மற்றொன்று பெருக்குகிறது.

அரசின் பார்வை அடுத்துக் கடையின் மீது விழுந்தது. தேசிய நெடுஞ்சாலைகளின் ஓரம் மதுக்கடைகளுக்கு உரிமம் வழங்கலாகாது எனத் தேசியச் சாலைப் பாதுகாப்புக் குழு 2004இல் ஒருமனதாக முடிவெடுத்தது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கில், 2016 டிசம்பரில், நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சண்டிகர் நிர்வாகம் தன் நகரத்து நெடுஞ்சாலைகளை மாவட்டச் சாலைகளென மறுபெயரிட்டது. நகராட்சி எல்லைக்குள் உள்ள கடைகளைத் தீர்ப்பு தடுக்காது என 2017 ஜூலையில் நீதிமன்றமே தெளிவுபடுத்தியது. மது வருவாயை நம்பிய அரசுகளுக்குக் கடையை நகர்த்துவதைவிடச் சாலையின் பெயரை மாற்றுவது எளிதாக இருந்தது.

போதையில் ஓட்டுபவரின் குற்றம் இவற்றால் சிறுத்துவிடாது. எதிரே வருபவரின் உயிர் அவர் கையில் இருக்கிறது. எனினும் களைப்பையும் கணக்கிட முடியும் என்பதற்கு உலகில் முன்மாதிரி உண்டு. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில், லாரி ஓடிய நேரத்தையும் ஓட்டுநர் ஓய்ந்த நேரத்தையும் டாக்கோகிராஃப் என்னும் கருவி பதிவுசெய்கிறது. சோதனையில் அப்பதிவைக் காட்டியாக வேண்டும். இந்திய நெடுஞ்சாலையில் ஓட்டுநரை நிறுத்தி ஊதச் சொல்கிறார்கள். அவர் கடைசியாக எப்போது உறங்கினார் என்று அவருடைய முதலாளியிடம் கேட்கும் வழக்கம் இன்னும் வேரூன்றவில்லை.