மஞ்சளும் மறதியும்

நேமத்தான்பட்டியில் நோயாளருக்கு நற்கருணை எடுத்துச் செல்லும் நாள்களில் நாம் தவறாது படியேறும் வீடொன்று உண்டு. எண்பதைக் கடந்த அம்மூதாட்டி இன்று நம்மை யாரென்று அறியார். அவர்தம் மகன், பெட்டியில் மடித்து வைத்திருந்த பழைய நாளிதழ்த் துண்டொன்றை ஒருமுறை நம்மிடம் காட்டினார். மஞ்சள் மறதிநோயைத் தடுக்கும் என்றது அது. மூன்றாண்டுக் காலம் பாலில் மஞ்சள் கலந்து கொடுத்திருக்கிறார். மருத்துவரிடம் மட்டும் அழைத்துச் செல்லவில்லை. "வெளிநாட்டுக்காரனே சொல்லிட்டான், சாமி" என்றார்.

அவரைக் கடிந்துகொள்ள நமக்கு வாய் எழவில்லை. அதே செய்தியை நாமும் மறையுரையில் பெருமிதத்தோடு சொல்லியவரே.

அச்செய்தியின் பிறப்பைத் தேடிப் பார்த்தோம். அரியானாவின் பல்லப்கர் சிற்றூர்களில் முதியோரை ஆராய்ந்த இந்திய அமெரிக்கக் குழுவினர், அங்கு அல்சைமர் நோய் மிக அரிது என்று 1998இலும் 2001இலும் அறிவித்தனர். அதே 2001இல் லாஸ் ஏஞ்சல்ஸில், அந்நோய்க்குரிய படிவுகள் மூளையில் தோன்றுமாறு வளர்க்கப்பெற்ற சுண்டெலிகளுக்கு மஞ்சளிலுள்ள குர்குமின் ஊட்டப்பட்டது; படிவுகள் குறைந்தன. இரண்டும் மெய்யே. இரண்டையும் முடிச்சிட்டதில்தான் பிழை நேர்ந்தது: இந்தியர் மஞ்சள் உண்கின்றனர், ஆதலால் இந்தியர்க்கு இந்நோய் இல்லை! இங்கு ஆயுள் குறைவு என்பதும், நோயுற்றோர் விரைவில் மரிப்பதும் காரணமாகலாம் என்று பல்லப்கர் ஆய்வாளரே எழுதியிருந்தனர். அந்த வரியை நாளிதழ்த் துண்டில் கண்டோமில்லை.

பின்னர் நோயாளரிடமே சோதித்தனர். ஹாங்காங்கில் 34 பேருக்கு ஆறு மாதம் கொடுத்து 2008இலும், அமெரிக்காவில் 36 பேருக்கு 24 வாரம் கொடுத்து 2012இலும் வெளியான முடிவுகளில் பயன் தென்படவில்லை. வாய்வழி உண்ணும் குர்குமின் இரத்தத்தில் சேர்வதே சொற்பம். 2018இல் 40 பேரிடம் நினைவாற்றல் ஓரளவு கூடியதாக ஓர் ஆய்வு சொன்னது உண்டு. அவர்களோ மறதிநோய்க்கு ஆளாகாதவர்கள். பெருநிறுவன மருந்துகளின் கதையும் வேறன்று. 2021இல் ஆண்டுக்கு 56,000 டாலர் விலையோடு அமெரிக்காவில் அனுமதி பெற்ற அடுகானுமாப், 2024இல் அதன் நிறுவனத்தாலேயே கைவிடப்பட்டது.

இதனினும் நம்மை உறுத்தியது வேறொன்று. சென்னையிலும் வேலூரை அடுத்த சிற்றூர்களிலும் நடந்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. வழக்கமான அளவுகோலால் அளந்தபோது, அச்சிற்றூர்களில் 65 வயது கடந்தோருள் நூற்றுக்கு 0.3 பேரே நோயாளர். நம் போன்ற நாடுகளுக்கெனச் செப்பனிட்ட அளவுகோலால் அளந்தபோது நூற்றுக்குப் பத்துக்கும் மேல்! வீட்டார் முதியோரின் தளர்ச்சியைக் குறையாகச் சொல்லாததே இவ்வேறுபாட்டுக்கு ஒரு காரணம். அடுப்பும் கணக்கும் மருமகள் கைக்கு மாறிவிட்ட வீட்டில், கிழவி உலையில் அரிசியிட மறந்தாளா என்று பார்ப்பவர் யார்? 'வயசாச்சு' என்ற ஒரு சொல்லோடு முடித்துவிடுகிறோம். 2023இல் வெளியான நாடளாவிய கணக்கின்படி, 60 வயது கடந்த இந்தியருள் 7.4 விழுக்காட்டினர், ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதிநோயோடு வாழ்கின்றனர். மஞ்சள் உண்ணாதவர் அவர்களுள் எத்தனை பேர் இருப்பர்?

மகன் ஒருவாறு தாயை மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். நாமும் உடன் சென்றோம். மாத்திரை எழுதிய மருத்துவர், நோய் இதனால் தீராது, சிறிது காலம் தாங்கிப்பிடிக்கலாம் என்று ஒளிக்காமல் சொன்னார். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "ராத்திரியில அம்மாகூட யார் படுத்துக்கிறீங்க?"

மகன் நம் முகத்தைப் பார்த்தார்.