நாற்குணம் (பெண்மை)

நாற்குணம் என்பது தமிழ் மரபில் பெண்மைக்கு உரியனவாகக் கூறப்படும் அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு ஆகிய நான்கு பண்புகளைக் குறிக்கும். பழைய உரைகள் இவற்றைப் பெண்ணின் இயல்புகளாகக் கொள்கின்றன. இவை இயல்புகள் அல்ல, சமூகம் பெண்ணுக்கு வகுத்த நடத்தை விதிகளே என்ற கருத்து 20 ஆம் நூற்றாண்டில் வலுப்பெற்றது.

பொருள்

* அச்சம் - புதியனவற்றைக் கண்டு அஞ்சுதல்
* மடம் - கற்பித்ததை ஏற்று அதனை விடாதிருத்தல். அறிந்தும் அறியாதது போல் இருத்தல் எனவும் கூறுவர்
* நாணம் - வெட்கம்
* பயிர்ப்பு - பழக்கமில்லாதவற்றின்பால், குறிப்பாகப் பிற ஆடவரின் தீண்டலில், தோன்றும் அருவருப்பு

இலக்கண மரபு

தொல்காப்பியக் களவியலில் அச்சம், நாணம், மடம் ஆகிய மூன்றே கூறப்படுகின்றன. இறையனார் அகப்பொருள் உரையில் பயிர்ப்பும் சேர்ந்து நான்காகின்றன. அதே உரை ஆணுக்கு அறிவு, நிறை, ஓர்ப்பு, கடைப்பிடி ஆகிய நான்கைக் கூறுகிறது. ஆராய்ந்து முடிவெடுத்தல் ஆணுக்கும், அஞ்சி அடங்குதல் பெண்ணுக்கும் உரியனவாக இப்பகுப்பு அமைந்துள்ளது.

எனினும் மரபு முழுவதும் ஒரே குரலில் பேசவில்லை. தொல்காப்பியப் பொருளியல் அறிவு, செம்மை முதலியவற்றையும் பெண்ணுக்கு உரியனவாகக் கூறுகிறது. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் ஔவையார் தூது சென்றதைப் புறநானூறு காட்டுகிறது.

மறுப்பு

சுப்பிரமணிய பாரதியார் புதுமைப் பெண் என்ற பாடலில் நாணத்தையும் அச்சத்தையும் வெளிப்படையாக மறுத்தார். பெரியார் ஈ. வெ. இராமசாமி, கற்பு பெண்ணுக்கு மட்டும் விதிக்கப்படுவதைக் கண்டித்தார். ஆண்மை என்னும் கருத்து அழியாமல் பெண் விடுதலை இல்லை என்பது அவர் வாதம்.

சமூக மாற்றங்கள்

* 1912 - முத்துலட்சுமி ரெட்டி சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றார்.
* 1929 - செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சம சொத்துரிமை கோரியது.
* 1973 - தமிழ்நாடு காவல்துறையில் பெண்கள் சேர்க்கப்பட்டனர்.
* 1989 - இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம உரிமை அளிக்கத் தமிழ்நாடு சட்டம் இயற்றியது. அதற்கு முன் திருமணமானோர் இதில் சேர்க்கப்படவில்லை.
* 1992 - சென்னையில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது.
* 2005 - மகளுக்கான சம சொத்துரிமை நடுவண் அரசின் சட்டத்திருத்தத்தால் இந்தியாவின் பெரும்பகுதிக்கும் விரிந்தது.

இன்றைய நிலை

கல்வியும் ஊதியப் பணியும் பெண்களின் பொதுவாழ்வை மாற்றிய அளவுக்கு எதிர்பார்ப்புகள் மாறவில்லை. 2002 இல் வெளிவந்த குட்டி ரேவதியின் முலைகள் என்னும் கவிதைத் தொகுப்பு கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. பெண் தன் உடலைப் பற்றித் தானே எழுதுவது நாணத்திற்கு மாறானதாகவே அப்போதும் பார்க்கப்பட்டது.

வீட்டுப் பணியிலும் பழைய பகுப்பு தொடர்கிறது. 2019 ஆம் ஆண்டு இந்திய அரசின் நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டுப் பணியில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களையும், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களையும் செலவிட்டனர். இவ்வுழைப்புக்கான ஏற்பாகத் தமிழ்நாடு அரசு 2023 இல் தகுதியுள்ள குடும்பத் தலைவியருக்கு மாதம் 1000 ரூபாய் உரிமைத்தொகை வழங்கத் தொடங்கியது. இத்தொகை பெண்ணின் உழைப்புக்கு மதிப்பளிக்கிறது. ஆனால் அவ்வுழைப்பில் ஆணின் பங்கு என்ன என்ற வினா எஞ்சியே நிற்கிறது.